மெட்ரோன்யூவில் தேன் விழுந்தது

மரபுக் காவலர் என்றொரு இனம் உண்டு. யாரும் நியமிப்பதில்லை, சம்பளம் கிடையாது, ஓய்வு பெறுவதும் கிடையாது. எங்கள் மொன்சீக் மலையில் அவர் பெயர் பெல்மீரு. காட்டில் சிவக்கிற பழத்தைப் பறித்து, ஊறவைத்து, செப்புக் கொப்பரையில் காய்ச்சி இறக்குகிற மெட்ரோன்யூ சாராயம்தான் எங்கள் காலைக் காப்பிக்குத் துணை; அதை ஒரே மடக்காக விழுங்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, கண்ணில் நீர் வந்தால் வெயிலைக் குறை சொல்ல வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் யார் போட்டது? "பாட்டன் பூட்டன்" என்பார். பாட்டனோ, பாவம், கிடைத்ததைக் குடித்தவர்.

இப்பேர்ப்பட்டவர் இருக்கிற ஊரில், மதுக்கடை நடத்தும் நட்டேர்சியா அந்தச் சாராயத்தில் தேனும் எலுமிச்சையும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் குலுக்கி, நுரை ததும்ப ஒரு காக்டெயில் செய்தாள். கடை ஈயாடிக்கொண்டிருந்தது, இதுவும் போணியாகாவிட்டால் பூட்ட வேண்டியதுதான். ஆனால் பெல்மீரு தலையாட்டாமல் ஊரில் ஒருத்தன் தொடுவானா?

"மாமா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"அடுத்தது இதுல மத்தி மீனும் போடுவியாம்மா? குடிச்சாத்தான் தெரியணுமா? கையே சொல்லிடும்!"

சாராயத்தை நாங்கள் சோதிக்கும் முறை அது. சொட்டு விட்டு உள்ளங்கையில் தேய்த்தால் காரம் பறந்துவிடும், பழவாசம் நிற்கும். பெல்மீரு காக்டெயிலையே, நுரையும் தானுமாகத் தாராளமாய்க் கையில் கொட்டிப் பரபரவென்று தேய்த்தார். தேன் பறக்குமா? முட்டைதான் பறக்குமா? கும்பிட்ட கை கும்பிட்டபடியே ஒட்டிக்கொண்டது.

"சாமி கும்பிட்டது போதும் மாமா!" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. நட்டேர்சியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிழைப்பல்லவா அந்தக் கையில் ஒட்டியிருந்தது!

பெல்மீரு ஆத்திரத்தோடு கையைப் பிய்த்தெடுத்து, துடைக்கத் துணி இல்லாமல் நக்கினார். மறுபடியும் நக்கினார்.

"சகிக்கல," என்றார். "ஆனா நல்லாப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லணும். ஒரு கிளாஸ் குடு."

அன்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஊரே பார்க்க வந்தது. கடை பிழைத்தது.

போன வாரம் லிஸ்பனிலிருந்து வந்த ஒருவர், எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சு பிழியச் சொன்னார். பெல்மீரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆரஞ்சா? எலுமிச்சைதான்யா! பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து எலுமிச்சைதான்!"

நட்டேர்சியா எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நல்ல சாராயத்தில் தேனும் முட்டையும் விழுந்தபோது, "சே, இப்படியா கெடுப்பது!" என்று உங்களுக்கும் சுருக்கென்றதே? மெட்ரோன்யூவை நீங்கள் எந்த ஜென்மத்தில் குடித்தீர்கள்?