மாப்பிள்ளை கெட்டுப்போன விவரம்

இறைச்சி விற்கும் கோல்டு ஸ்டோரேஜ் கடை உரிமையாளரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மச்சானுக்கு, உன் அத்தான் ஆசி கூறி எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும், மகளும் அவள் கணவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றி ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும், எனக்குத் துணிவில்லை. அங்கே நீயும் உன் மனைவியும், பல் மருத்துவம் படிக்கும் உன் மகளும், கடையிலுள்ள பெரிய குளிர்பெட்டியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு உன் மகள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைப்பாளா என்பது சந்தேகம் என்பதால் அவளுக்கான வாழ்த்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இனி நான் போனைத் தொடுவதாக இல்லை. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எனக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. காலையில் உன் கடைச் சாசேஜ் இரண்டு, அது ஒன்றுதான் என் வாழ்க்கையின் ஒழுங்கீனம். ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகள் வீட்டுக்கு வந்த பிறகு இந்த ஊரில் நல்ல சாசேஜுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பெரிய கடையில் ஒரு சுவர் முழுக்கச் சாசேஜ்தான். ஒன்றில் ஆப்பிள் போட்டிருக்கிறான், ஒன்றில் தேன், ஒன்றில் இறைச்சியே போடவில்லை, அதைப் பெருமையாக அட்டையில் வேறு எழுதியிருக்கிறான். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. உன்னுடையது சட்டியில் விழுந்ததும் ஒரு சீறு சீறுமே, இவை சட்டியில் விழுந்து, மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த பெண் மாதிரி சத்தமில்லாமல் கிடக்கின்றன. வெட்டினால் உள்ளே வெறும் மாவு. தெருமுனை இறைச்சிக்கடைக்காரரிடம் போய், மிளகு தூக்கலாக வேண்டும் என்பதை விளக்க மொழி போதாமல் இரண்டு முறை தும்மிக் காட்டினேன். அவர் பின்னால் நகர்ந்து நின்று எனக்குக் காகிதக் கைக்குட்டை நீட்டினார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இந்த நிலையில்தான் நீ அனுப்பி வைக்கிறேன் என்றாய். உன் பக்கம் தடையில்லை, தடை இங்கே வீட்டில் இருந்தது. நாங்கள் வந்து இறங்கிய அன்றே நம் தம்பி, அதாவது என் மகளின் கணவர், எங்களை சோபாவில் உட்காரவைத்து, "மாமா, அத்தை, ஒரே ஒரு விஷயம். ஊர்லேர்ந்து யார் மூலமாவும் இறைச்சி மட்டும் வரக் கூடாது. பிடிச்சாங்கன்னா எங்க குடியுரிமை விண்ணப்பம் அவ்வளவுதான்" என்று சொன்னார். பக்கத்தில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விமான நிலையத்தில் ஒரு நாய் என் பெட்டியை முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை அப்போதும் கண்ணிலேயே நின்றதால், தலையை ஆட்டிவைத்தேன். ஆட்டிய தலை ஆட்டியபடி இருக்க, நாக்கு வேறு வழியில் போய்விட்டது.

போனை யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்று நான் பயந்தபோது, சாசேஜ் என்ற சொல்லே வேண்டாம், 'மாப்பிள்ளை' என்று வைத்துக்கொள்வோம் என்று யோசனை சொன்னது நீதான். "விமானத்துல வரும், வந்ததும் குளுகுளுன்னு வைக்கணும், கொஞ்சம் சூடு பட்டாலும் வெடிச்சிடும். வேற என்ன பேரு வைக்கிறது அத்தான்?" என்றாய். நானும் சிரித்தேன். வீட்டில் மருமகனைத் தம்பி என்றே கூப்பிடுவதால் மாப்பிள்ளை என்ற சொல் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியது. தெருவில் இருப்பவன் காதுக்குப் பயந்தோமே தவிர, அடுத்த அறையில் இருப்பவர் காதை நாம் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

முதல் முறை ஊரிலிருந்து இங்கே வந்த கண் டாக்டர் பெட்டியில் துண்டுகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது தேவாமிர்தம். ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குக் கீழே வைத்துவிட்டு, வந்து சேர்ந்த விவரத்தை உனக்குப் போனில் சொன்னேன். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போனதும் உன் அக்கா ஜன்னலைத் திறப்பாள், நான் கதவிடுக்கில் துண்டைச் செருகுவேன், புகைபோக்கியை முழு வேகத்தில் வைத்துவிட்டுக் கள்ளநோட்டு அடிப்பவர்கள் மாதிரி சமைத்துச் சாப்பிடுவோம். இரண்டாவது முறை உன் கடை வாடிக்கைக்கார நர்ஸம்மா கொண்டுவந்தார். வார விடுமுறை என்பதால் டப்பாவைத் தொட முடியவில்லை. திங்கட்கிழமை திறந்து பொரித்தால், மச்சான், உனக்கு என்ன ஆயிற்று? கடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டாயா? நூல் முடிச்சுகூட ஏனோதானோவென்று இருந்தது. ஆத்திரம் தாங்காமல் மறுநாள் உன்னைக் கூப்பிட்டேன். தம்பி அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். காதில் பெரிய கருவி மாட்டியிருந்ததால் ஆபீஸோடு பேசுகிறார் என்று நினைத்தேன். கருவியில் சார்ஜ் தீர்ந்து போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். நான் சொன்னதை மட்டும் கேட்ட ஒருவரின் இடத்தில் நின்று இதைப் படித்துப் பார்:

"மச்சான், போன தடவை வந்த மாப்பிள்ளை தங்கம்டா. இந்த மாப்பிள்ளையை எங்க பிடிச்சே? பார்க்கத்தான் பளபளன்னு இருக்கார், உள்ள ஒண்ணுமே இல்ல. கொழுப்பும் கிடையாது, காரமும் கிடையாது. இது போலி மாப்பிள்ளைடா! உங்க அக்கா மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. கத்தியால ஒரு குத்து குத்திப் பார்த்தேன், தண்ணி தண்ணியா வருது. நாளைக்குக் குப்பை வண்டி வருதில்ல, அதுல ஏத்தி விட்டுடறேன். நீ வேற நல்ல மாப்பிள்ளையா பார்த்து அனுப்பு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அறை வாசலில் தம்பி தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "மாமா, காப்பி வேணுமா?" என்று கேட்டார். இந்த வீட்டில் அவர் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது. கோபித்தால் தாங்கிக்கொள்வேன். அவர் பணிவாக இருக்கிறார். நான் சமையலறைக்குள் போனால் வெளியே போய்விடுகிறார். அவர் ஃப்ரீசர் பக்கம் வந்து, என்னைப் பார்த்ததும் வழி தவறியவர் மாதிரி திரும்பிவிடுகிறார். "குப்பையை இனிமே நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன் மாமா" என்று பையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எங்கே அவரை வண்டியில் ஏற்றிவிடுவேனோ என்ற பயம். உன் அக்கா மோந்து பார்த்ததைக் கேட்டிருப்பார் போல, வீடு முழுக்க வாசனைத் திரவியம் அடிக்கிறார், அறைக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சாயங்காலம் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வருகிறார். உன் அக்கா மட்டும், "மனசு நொந்தவருக்கு இப்படியா சதை போடும்?" என்று ஒருநாள் கேட்டாள். துயரத்தில் வீங்குகிறவர்களும் உண்டு என்று அவளை அடக்கினேன்.

மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்களைப் பார்த்தாலே இவர் பதறுறார். என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"இவர்கிட்ட என்ன குறை கண்டீங்க? எங்கிட்ட நேரா சொல்லுங்க. இப்படியே போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்பறதுதான் எல்லாருக்கும் நல்லது."

ஊருக்கு வந்தால் தினமும் சாசேஜ் கிடைக்குமே என்று நீ நினைக்கலாம். மகள் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் உன் கடை வாசலில் எந்த முகத்தோடு நிற்பான்? என் நிலைமையை யோசித்துப் பார். பேசியது மனிதரைப் பற்றியல்ல, சாசேஜைப் பற்றி என்று சொன்னால், விலக்கப்பட்ட பொருளை அவர் வீட்டுக்குள், அவர் பட்டாணிக்குக் கீழேயே ஒளித்தவன் ஆவேன். சொல்லாவிட்டால், பெண்ணைக் கொடுத்த வீட்டு மருமகனைக் கத்தியால் குத்தித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தவன் ஆவேன். இரண்டில் எது குறைந்த குற்றம் என்று உன் அக்காவைக் கேட்டேன். "நீங்களே தேடிக்கிட்டது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கடைசியில், உயிருக்குப் பயந்த ஒருவன் செய்வதைச் செய்தேன். சாப்பாட்டு மேசையில் நால்வரும் இருந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தம்பி, அன்னிக்கு போன்ல பேசினது உங்களைப் பத்தி இல்ல. மச்சான் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பத்தி."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தினார். "நிஜ மாப்பிள்ளையா மாமா?"

"பின்ன, பொய் மாப்பிள்ளைன்னு ஒண்ணு உண்டா?"

"கத்தியால குத்திப் பார்த்தேன்னீங்களே?"

"கேள்வியாலதான் தம்பி. கொஞ்சம் கூர்மையான கேள்வி."

"தண்ணியா வருதுன்னு..."

"அழுதுட்டார், பாவம்."

தம்பி, மூச்சுத் திணறியவருக்கு ஜன்னலைத் திறந்துவிட்டது போல, "ஓ, அப்படியா, அப்படியா" என்று தலையாட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மகள் துள்ளி எழுந்தாள். "ஏம்ப்பா, இவ்வளவு நடந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மாமா பொண்ணுக்கு மாப்பிள்ளையா இல்ல? இவரோட ஆபீஸ் ஆடிட்டர் இருக்காரே, லீவுல ஊருக்குத்தானே போறார்!" என்றாள். தம்பியும், "ஆமா, நல்ல பையன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் கடை முகவரி ஆடிட்டருக்குப் போய்விட்டது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பவர்தான் அந்த ஆடிட்டர். கவரை நன்றாக ஒட்டித் தருகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவர் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். முகத்தில் எதையும் காட்டாதே. நடுநடுவே அத்தான் நலமாக இருக்கிறார் என்பது போலத் தலையாட்டு. படிப்பு முடியாமல் கல்யாணப் பேச்சை எடுப்பவன் பல்லைப் பிடுங்குவேன் என்று சொன்ன உன் மகளிடம் அவரைத் தனியாக விடாதே. பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று அனுப்பிவிடு. தம்பி எப்போதாவது கூப்பிட்டுக் கேட்டால், முந்தைய மாப்பிள்ளை அழுதார் என்று மட்டும் சொல். சாசேஜை இனி அனுப்பாதே. இருக்கிற காலத்துக்கு ஆப்பிள் போட்டதையே தின்றுவிட்டுப் போகிறேன்.

உன் தொழில் பெருகட்டும், உன் மகள் கையெழுத்து மற்ற டாக்டர்களுடையது போல ஆகாமல் இருக்கட்டும், வீட்டில் அனைவருக்கும் என் ஆசியும் உன் அக்காவின் அன்பும் உரித்தாகுக.

இப்படிக்கு,
மகள் வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழும்
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிடு. கவர் வாங்க நாங்கள் இருவரும் வெளியே போனோம், கடை மூடியிருந்ததால் உடனே திரும்பிவிட்டோம். படியேறும்போதே மிளகு வாசனை. நம் ஊர் மிளகு, உன் கடை மிளகு. கதவைத் தள்ளினால் கீழே துண்டு செருகியிருக்கிறது. உள்ளே ஜன்னல் திறந்திருக்கிறது, புகைபோக்கி முழு வேகத்தில் சுற்றுகிறது, அடுப்பு முன்னால் தம்பி நிற்கிறார். சட்டியில் சீறிக்கொண்டிருந்தது நர்ஸம்மா கொண்டுவந்த அசல்.

"மன்னிச்சிடுங்க மாமா. முதல் தடவையே நீங்க போன்ல, மாப்பிள்ளை ஃப்ரீசர்ல பட்டாணிக்குக் கீழ இருக்கார்னு சொன்னீங்க. நான் ஃப்ரீசர்ல இல்லையே மாமா. அதான் போய்ப் பார்த்தேன்."

முதல் தடவை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டாராம். இரண்டாவது தடவை கை நிற்கவில்லையாம். எல்லாவற்றையும் தன் பங்குக்கு ஒதுக்கிவிட்டு, பெரிய கடையில் வாங்கிய மாவுச் சாசேஜை உன் நூலால் கட்டி டப்பாவில் போட்டிருக்கிறார். போலி மாப்பிள்ளை என்று நான் போனில் கத்தியது அவருடைய திருட்டைக் கண்டுபிடித்து ஜாடையாகக் குத்திக்காட்டுவதற்குத்தான் என்று நினைத்து, இத்தனை நாளும் என்னைக் கண்டு நடுங்கியிருக்கிறார். "அப்ப நீங்க போட்ட சட்டம்?" என்று கேட்டேன். "சட்டம் அவளோடது மாமா. நான் வாசிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்" என்றார். உன் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு போடுங்க தம்பி" என்றாள்.

எனவே உன் சாசேஜில் குற்றமில்லை, உன்னைச் சந்தேகித்ததற்கு மன்னித்துக்கொள். ஆடிட்டரை மட்டும் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் ஏன் என்று மகள் கேட்பாள். இப்போது அவளுக்கு நாங்கள் மூவரும் சேர்ந்து பயப்படுகிறோம். அந்தப் பையன் திரும்பும்போது அவருக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்து அனுப்பு, இந்த முறை மூவருக்குக் கணக்கு. மாப்பிள்ளை என்ற சொல்லும் இனி ஆகாது, புதுச் சொல் வேண்டும் என்றேன். 'மாமனார்' என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் தம்பி. ஏன் என்று கேட்டேன். "சும்மா தோணிச்சு மாமா" என்று சொல்லிவிட்டுச் சட்டியில் இருந்ததை முள்கரண்டியால் ஒரு குத்து குத்தித் திருப்பினார். ஆகவே, மாமனார் கெட்டுப்போய்விட்டார், தூக்கிப் போட்டாகிவிட்டது என்று அவரிடமிருந்து போன் வந்தால் பதறாதே. ஆனால் எதற்கும் என்னை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடு.