பின்னாலிருந்து எண்ணிய ஹயக்ரீவன்

மூன்றாவது முறையாக ஹயக்ரீவன் பொத்தானை அமுக்கினான். கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, ‘அழித்தவை: 64’ என்றது.

"மிச்சம் அறுபத்தி நாலு எங்கன போச்சு?" என்றார் அச்சக முதலாளி தங்கப்பாண்டி.

"எங்கயும் போகல அண்ணாச்சி. அங்கனயேதான் இருக்கு."

காயல்பட்டினம் மக்தூம் காக்காவின் குடும்ப வரலாறு, நூற்று இருபத்தெட்டுப் பக்கம். பிழை பார்க்கக் கொடுத்தபோது பக்கத்துக்கு ஒன்றாக ‘மாதிரிப் படி’ என்று சிவப்பு முத்திரை போட்டிருந்தார்கள். அவற்றை இப்போது எடுக்க வேண்டும். கையால் எடுத்தால் அரை மணி நேர வேலை. "ஸ்கிரிப்ட் எழுதுனா ஒரே செகண்டு" என்று ஹயக்ரீவன் சொன்னது காலை பதினொரு மணிக்கு. இப்போது மணி மூன்று.

புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்த காக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு அவர் வாகைக்குளம் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். துபாயில் கூடும் சொந்தபந்தங்களுக்குக் காட்ட முழுப் புத்தகமும் பென்டிரைவில் வேண்டும்.

"இது மட்டும் நடக்கலேன்னா, நாளைலருந்து நீரு கட்டிங் மெஷின்ல நில்லும் சாமி" என்றார் தங்கப்பாண்டி, மரியாதை குறையாமல்.

அந்த அறையில் ஹயக்ரீவனை மெச்சியது ஒரே ஓர் ஆள்தான். மூலையில் அச்சான ஃபாரம் தாள்களை மடித்துக்கொண்டிருந்த பைண்டிங் கிருபாபாய் அக்கா. "ஒரு அமுக்குல பாதி போச்சுல்லா! என்னா மூளை!"

பாதி வேலை ஹயக்ரீவனுக்குத் தீட்டு மாதிரி. ஆழ்வார்திருநகரி ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. பாதியில் நின்ற ஸ்கிரிப்ட்டை நம்பவே மாட்டான். அழிந்த முத்திரைகளையெல்லாம் உடனே பழையபடி திருப்பிக் கொண்டுவந்து, தலைமுழுகியவன் போல முதலிலிருந்து தொடங்குவான்.

நூற்று இருபத்தெட்டு வரை நிற்கவே கூடாது என்று கட்டளையை மாற்றினான். அறுபத்தைந்தில், ‘அப்படி ஒரு பொருளே இல்லை’ என்று சொல்லிவிட்டு மென்பொருள் உறைந்தது. அதைத் தட்டியெழுப்பப் பத்து நிமிடம்.

பக்கங்களில் தனியாக ஒட்டிய பெட்டிகளையெல்லாம் ஒரே அடியாக அழிக்கச் சொன்னான். அழிந்தன. முத்திரையோடு படங்களும்.

"தம்பி, எங்க வாப்பா எங்கே?" என்றார் காக்கா, தகப்பனார் படம் இருந்த இடத்தை எட்டிப் பார்த்து.

வாப்பாவையும் நூற்று இருபத்தெட்டு முத்திரைகளையும் காலையில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட்டையும் திருப்பி வைத்துவிட்டு, ஒரு தாளும் பேனாவுமாக ஹயக்ரீவன் டீக்கடைக்குப் போனான்.

கடையில் வடைக்கு வரிசை. முதல் ஆள் வடையோடு விலகியதும் இரண்டாவது ஆள் முதல் இடத்துக்கு வந்தார். ஹயக்ரீவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இதேதான்! பார்க்கப் பட்டியல் மாதிரி இருக்கிறது, ஆனால் பட்டியல் இல்லை, வரிசை. ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் ஓரடி முன்னால் நகர்கிறது. ஸ்கிரிப்ட் ‘அடுத்தது இரண்டு’ என்று கூப்பிடும்போது வருவது மூன்றாவதாக நின்ற ஆள். உண்மையான இரண்டாவது ஆள் வடை கிடைக்காமல் நிற்கிறார். கடைசி ஆளிலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தால் யாரும் நகரவே வேண்டாம்!

இப்படி ஒரு நுட்பத்தை மென்பொருளுக்குள்ளே வைத்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.

மணி மூன்று ஐம்பது. இரண்டே வரி மாற்றினான். பெருமாளை நினைத்துப் பொத்தானை அமுக்கினான்.

‘அழித்தவை: 0’ என்றது பெட்டி.

 ஹயக்ரீவன் திரையில் பக்கங்களைப் புரட்டினான். முதல் பக்கம் சுத்தம். இரண்டும் சுத்தம். கடைசிப் பக்கம் வரை ஒரு முத்திரை இல்லை. வாப்பா தம் இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூஜ்யம்னுல்லா காட்டுது?" என்றார் தங்கப்பாண்டி.

ஹயக்ரீவன் ஒரு கணம்தான் யோசித்தான். "பின்னாலருந்து எண்ணுதோம்லா அண்ணாச்சி? நூத்தி இருபத்தெட்டுல ஆரம்பிச்சா பூஜ்யத்துலதான முடியும்!"

"மாஷா அல்லாஹ்!" காக்கா எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "அடுத்த பாகமும் இங்கனதான். தம்பிதான் செய்யணும்."

"கட்டிங் மெஷின் பக்கமே நீரு வரக் கூடாது" என்றார் தங்கப்பாண்டி.

பென்டிரைவோடு கார் கிளம்பியது. ஹயக்ரீவன் வாசலில் நெஞ்சு நிமிர்த்தி நின்றான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிய கிருபாபாய் அக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்ல பொத்தான் சாமி. நீங்க டீக்கும் அவுக ரெண்டு பேரும் வாசலுக்கும் போனப்ப நானும் அமுக்கிப் பாத்தேன். பாதி, பாதில பாதின்னு எட்டே அமுக்குல எல்லாம் போயிட்டு. போனதையெல்லாம் நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டாந்தியன்னுதான் எனக்கு விளங்கல."