பிரிக்காத பெட்டியும் பதினோரு பேரும்

ரசிகர்களில் பல வகை உண்டு. விசில் அடிக்கிறவர், அழுகிறவர், மேடையில் தாவி ஏறி அதே வேகத்தில் கீழே வீசப்படுகிறவர். இவர்களால் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இனம் 'அப்பவே கேட்டவர்'. ஊர் கேட்பதற்கு முன்னால் கேட்டவர். ஊர் கேட்க ஆரம்பித்ததும் ரசிப்பதை நிறுத்திக்கொண்டவர். பேசுவதை மட்டும் நிறுத்தாதவர்.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கும் 'ஹாட்டர்ஸ் ரெஸ்ட்' பப்புக்குப் போங்கள். ஜன்னலோர மேஜையில் நைஜல் என்ட்விசில் உட்கார்ந்திருப்பார். நகராட்சியில் தெருவிளக்குகளைக் கவனித்துக்கொள்வது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. நிஜமான உத்தியோகம் வேறு. 'காப்பர் ஹெரன்ஸ்' ராக் குழுவின் முதல் நிகழ்ச்சியைக் கேட்ட பதினோரு பேரில் ஒருவராக இருப்பதுதான் அது. முப்பது வருஷமாக அந்த உத்தியோகத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

"இதே பப்போட மாடியிலதான்பா. மொத்தமே பதினோரு பேரு. டிரம்ல முதல் அடி விழுந்ததுமே சொல்லிட்டேன், இவனுங்க எங்கயோ போகப்போறானுங்கன்னு."

யாரிடம் சொன்னார்? யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி லொரெய்ன் மட்டும் சரியாக அந்த இடம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு சிப்ஸ் மேல் அந்த ஊர் வழக்கப்படி வினிகர் ஊற்ற ஆரம்பித்துவிடுவாள்.

சங்கடம் என்னவென்றால், அந்தப் பதினோரு பேர் ஸ்டாக்போர்ட்டில் மட்டும் சுமார் நானூறு பேர் இருந்தார்கள். தபால்காரர் இருந்தார், பல் டாக்டர் இருந்தார், அந்த வருஷம் பிறந்தே இராத ஒருவர்கூட இருந்தார். அதனால் நிஜமாகவே அங்கே நின்றிருந்த நைஜலையும் யாரும் நம்பவில்லை. இது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் அவர் முந்திக்கொண்ட ஒரே விஷயம் அது. அதற்கும் சாட்சி இல்லை என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

அவருடைய சட்டதிட்டங்கள் எளிமையானவை. முதல் ஆல்பம் வேதம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் விலைபோய்விட்டார்கள். நான்காவதில் டிரம்மர் மாறினார், அதோடு சகலமும் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஏழு ஆல்பங்களையும் வெளியான அன்றே வரிசையில் நின்று வாங்கினார். எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இந்த நிலையில்தான் காப்பர் ஹெரன்ஸ் தங்கள் முப்பது வருஷப் பாட்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரு பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அழகான பெட்டி, நான்கு இசைத்தட்டு, உள்ளே படப் புத்தகம். எல்லாம் ஏற்கெனவே வைத்திருப்பவன் தப்பித்துவிடக் கூடாது என்று, எங்கும் கிடைக்காத ஒரே ஒரு புதுப் பாட்டைக் கடைசியில் சொருகியிருந்தார்கள்.

"தொகுப்பா! அது ரசிகனுக்கு இல்ல, கார் ஓட்டிக்கிட்டே கேக்குறவனுக்கு" என்று பப்பில் முழங்கிவிட்டு, மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றார் நைஜல். வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டிக்குப் பின்னால் இருந்த பட்டியலைப் பென்சிலும் கையுமாகப் படித்தார். வேதத்திலிருந்து இரண்டே பாட்டுகள். டிரம்மர் மாறின பிறகு வந்த கழிசடைகள் பதினான்கு. திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டு, மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூடக் கிழிக்காமல் பெட்டியை அலமாரியில் வைத்தார். அந்த இனத்தின் ஆசாரம் அது. பெட்டியைப் பிரிப்பவன் பாமரன். புதுப் பாட்டா? கேட்காமலே அது மோசம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தொகுப்பின் குற்றங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, குழாய் ரிப்பேர்க்காரர் கீரன் டக்வொர்த் உள்ளே வந்தார். கீரனுக்குக் காப்பர் ஹெரன்ஸ் பாட்டு மூன்றுதான் தெரியும், அதுவும் கல்யாண வீட்டு டான்ஸில் கேட்டது. தொகுப்பைப் பாலும் ரொட்டியும் வாங்கப் போன சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி, காரிலேயே பல்லால் கடித்துப் பிரித்தவர்.

"யோவ் நைஜல், புக்கு பாத்தியா? முதல் நிகழ்ச்சி போட்டோ போட்டிருக்கான். டிரம்மரோட அக்கா மேடைக்குப் பின்னாலேருந்து எடுத்ததாம். பதினோரு பேரு மூஞ்சியும் அப்படியே தெரியுது!"

பல் டாக்டர் அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நைஜல் பாதி எழுந்துவிட்டார். முப்பது வருஷமாக ஏங்கிய சாட்சி, தன் வீட்டு அலமாரியில் ஒரு வாரமாகக் கண்ணாடித்தாளுக்குள் உட்கார்ந்திருந்ததா!

"காட்டு."

"நீ இருக்கே நைஜல். சத்தியமா இருக்கே. ஆனா..."

கீரன் புத்தகத்தை விரித்து மேஜையில் வைத்தார். பத்துப் பேர் மேடையைப் பார்த்து நிற்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு கையையும் மேலே தூக்கி, கண்ணை மூடி, வாய்விட்டுப் பாடுகிறாள். அவளுக்குப் பின்னால் பதினோராவது ஆள். தலை நிறைய முடியோடு நைஜல் என்ட்விசில். இரண்டு காதிலும் இரண்டு ஆள்காட்டி விரல். முகத்தில் பல்வலிக்காரனின் வேதனை.

நைஜலுக்கு அவமானமாக இருந்தது. அவர் பொய் சொன்னவர் இல்லை. அந்த விரல்களை நிஜமாகவே மறந்துபோயிருந்தார். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"லொரெய்ன்... முன்னாடி நிக்கிறது நீயா?"

"வேற யாரு?" லொரெய்ன் வினிகர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "எங்கயோ போகப்போறானுங்கன்னு சொன்னதும் நான்தான். நீ சொன்னது, 'தலை வலிக்குது, கீழ போய் டார்ட்ஸ் எறிஞ்சு விளையாடலாமா'ன்னு. ரெண்டு தரம்."

"முப்பது வருஷமா ஏன் சொல்லல?"

"நீதான் பேசிட்டிருந்தியே, நடுவுல எங்க சொல்றது?" அவள் அந்தப் படத்தில் விரல் வைத்தாள். "அதுவும் இல்லாம, பாரு, காதைப் பொத்திக்கிட்டாவது என் பின்னாடியே நின்னிருக்க. கீழ போகல இல்ல? எனக்கு அது போதுமா இருந்துச்சு."

நைஜல் சிப்ஸ் தட்டுக்கு மேலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் பெட்டியைப் பிரித்து, அந்தப் புதுப் பாட்டை இரண்டு பேருமாகக் கேட்டார்கள். அது அநியாயத்துக்கு நன்றாக இருந்தது.

திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த ஞாயிறு அதே மேஜையில் அதே குரல்: "அந்தக் காலத்துல சத்தம்னா சத்தம்பா! காதைப் பொத்திக்கணும், அவ்ளோ நேர்மை! இந்தத் தொகுப்புல எல்லாத்தையும் கழுவி மெழுகி வச்சிருக்கானுங்க. சாட்சி வேணுமா? போட்டோவே இருக்கு."

சிரிக்காதீர்கள். "அவர் முதல் மூணு படத்துக்குப் போட்ட பாட்டுதான் பாட்டு, அப்பவே சொன்னேன்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? அடுத்த தடவை சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரை ஒரு முறை ஓரக்கண்ணால் பாருங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எதன் மேலாவது வினிகர் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.