ரேடியோவுக்கும் ரெக்கார்டு பெட்டிக்கும் பொருத்தம்

ஷாதிபூர், போர்ட் பிளேர்
19-6-1969

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ராஜமாணிக்கம் அவர்களுக்கு, ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் தங்கை மரகதமும் நானும் கடல் கடந்தாலும் உங்கள் ஆசியால் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருமகள் மங்கையர்க்கரசியின் கழுத்தில் நல்லபடியாகத் தாலி ஏறிவிட்டது. எல்லாரும் நலம். நலமில்லாதது நீங்கள் அனுப்பிய பெட்டி ஒன்றுதான்.

கப்பலில் டிக்கெட் கிடைக்காமல் நீங்கள் வர முடியாமற்போனதில் எனக்கு வருத்தமே தவிரக் கோபமில்லை. தாய்மாமன் சீராக ரெக்கார்டு பெட்டியும் நாதஸ்வரத் தட்டும் முந்தின கப்பலிலேயே அனுப்பிவைத்தீர்களே, அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? ஆனால் மச்சான், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்த நீங்கள், அந்தப் பெட்டிக்கும் என் ரேடியோவுக்கும் ஒரு பொருத்தமாவது பார்த்திருக்கக் கூடாதா? உங்கள் பெட்டிக்குத் தட்டைச் சுற்றத்தான் தெரியும், வாய் கிடையாது. ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகினால் ரேடியோதான் அதற்காகப் பாட வேண்டும். செருகினோம். பாடவில்லை. "உய்ங்ங்" என்றது.

சாதாரண நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே நாதஸ்வரக்காரர் முன்பல் விழுந்து, பல் கட்டிக்கொள்ள மெயின்லாண்டு போய்விட்டார். பத்துபஸ்தியிலிருக்கும் நம் சம்பந்தி குழந்தைவேலுவோ, "மேளச் சத்தம் இல்லாம எங்க வீட்டுப் பையன் தாலி கட்டமாட்டான், ஆமா சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, மங்கையின் கல்யாணமே அந்த ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

லூர்துநாதனைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். முதலில் உங்கள் பிளக் எங்கள் சுவரில் நுழையவில்லை, அதை மாற்றினான். பிறகு ஒயரின் முள் ரேடியோவின் ஓட்டைக்குத் தடிமனாக இருந்தது, அதை அரத்தால் ராவினான். பிளக்கைத் திருப்பிச் செருகினான், உய்ங். ரேடியோவை வராந்தாவின் அந்தக் கோடியிலும் பெட்டியை இந்தக் கோடியிலும் வைத்தான், உய்ங். கோணிச்சாக்கு மேல் வைத்தான், அரிசி டின் மேல் வைத்தான், மரகதம் கற்பூரம் காட்டினாள், அதற்கும் உய்ங். ஷாக் அடிக்குமோ என்று பயந்து, மரத்தரையை விட்டு யாரும் கீழே இறங்கித் தொடக் கூடாது என்று நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். "ரேடியோ தனியா நல்லாத்தான் பாடுது, பெட்டியிலதான் கோளாறு" என்றேன். "எங்க அண்ணன் அனுப்பினது எப்படிங்க கோளாறாகும்? உங்க ரேடியோவுக்குத்தான் வயசாயிடுச்சு" என்று மரகதம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

முகூர்த்த நாளும் வந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல், விடியற்காலை மழையில் தரையெல்லாம் ஈரம். வராந்தா ஓரத்தில் ரேடியோவும் பெட்டியும், நாதஸ்வரத்தை அமுக்கிக்கொண்டு உய்ங்கென்று இரைச்சல். சம்பந்தி முகம் சுண்டிவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுப் பழனிசாமி, துண்டும் வெறுங்காலுமாக வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கோயம்புத்தூர்க்காரர், காண்டிராக்டர். என் ஏரியல் ஒயரை நான் அவருடைய தென்னை மரத்தில் கட்டிய தகராறில் இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. அதனால் அழைப்பும் வைக்கவில்லை. மங்கை சின்னப்பிள்ளையில் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். அழைப்பு வைக்காதது தப்புத்தான்.

அவர் என்னைப் பார்க்காமல் லூர்துநாதனிடம் கத்தினார்: "இதென்னங்க சத்தம்? காத்தால இருந்து காதுக்குள்ள வண்டு பூந்தாப்பல! பந்த் பண்ணு அதை, நிறுத்து!" கத்தினதோடு நில்லாமல், ஈர மண்ணில் நின்றபடியே கையை நீட்டி ஒயரைப் பிடுங்கப் போனார். ரேடியோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒயர் முள்ளில் கை பட்டதும் இரைச்சல் சட்டென்று நின்றது. நாதஸ்வரம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. பந்தலே வாயைப் பிளந்தது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார், உய்ங்.

"அண்ணாச்சி, விட்ராதிய! அப்படியே புடிங்க!" என்று லூர்துநாதன் அலறினான்.

பழனிசாமி மறுபடி பிடித்தார். வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க போயி தாரை வாருங்க, பொண்ணு காத்திருக்குது. இதை நான் விடமாட்டனுங்க" என்றார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனேன் மச்சான், தாரைத் தண்ணீர் பாதி என் வேட்டியில் கொட்டியது செம்பு வழுக்கியதால்தான். மரகதம் வேறு மாதிரி எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

தாலி ஏறும் நேரம் அட்சதை போட அவர் வலது கையைத் தூக்கினார். உடனே உய்ங். சட்டென்று இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பந்தி முடியும்வரை நகரவில்லை. வடையைக்கூட மரகதம்தான் இலையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். போட்டோக்களை அனுப்புகிறேன். எல்லாவற்றிலும் மணமக்களுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறவர் அவர்தான், ஒரு கை மட்டும் தெரியாது.

இப்போது என் கஷ்டம் வேறு. தினம் மாலை ஆறு மணிக்கு மனிதர் வந்துவிடுகிறார். காலைக் கழுவிக்கொண்டு ஈரத்தில் நின்று, "போடுங்க" என்று ஒயரைப் பிடித்துக்கொள்கிறார். தட்டு முடிய டீ, டீ முடிய அவர் காண்டிராக்ட் கதை. என்னால் முடியவில்லை. ஆகவே இந்த உய்ங்குக்கு உரிய மருந்தை அடுத்த கப்பலிலேயே அனுப்பிவைக்கவும். இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்ப அனுமதி தரவும்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டில் கேட்பதெல்லாம் நல்ல சத்தமாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பிற்குரிய மைத்துனன்,
ஜம்புலிங்கம்

பின்குறிப்பு (22-6-1969): கப்பல் தள்ளிப்போனதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. பெட்டியோடு வந்த வைக்கோலைப் பாத்திரம் துலக்க மரகதம் எடுத்து வைத்திருந்தாள். இன்று காலை அதை உதறியபோது உங்கள் சீட்டும் சுருட்டிய பச்சை ஒயரும் விழுந்தன. சீட்டில் எழுதியிருந்தபடி பச்சை ஒயரைப் பெட்டியில் முடுக்கி, மறுமுனையை மண்ணில் அடித்த ஆணியில் கட்டினேன். யாரும் பிடிக்காமலே தேனாகப் பாடுகிறது. உங்கள் பெட்டியைக் குறை சொன்னதற்கு மன்னிக்கவும். மரகதத்திடம் ஏற்கனவே மன்னிப்புக் கேட்டாயிற்று. எனவே எதையும் அனுப்ப வேண்டாம். பழனிசாமி வந்தால் இதை ஒருபோதும் சொல்லிவிடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மணி ஆறாகிறது, முற்றத்தில் அவர் கால் கழுவும் சத்தம் கேட்கிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டேன், பச்சை ஒயர் பீரோவுக்குள் இருக்கிறது.