சோற்றை விட்டேன், கோவிலில் விழுந்தேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணும். சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். எங்கள் கோவில் பெண்கள் சபைப் பிள்ளைகள்தான் பிடிவாதமாய் நின்றார்கள். "அன்ரி, அந்தக் கதையை நீங்களே எழுதித் தாங்கோ, மற்ற ஆக்கள் சொல்லுறது வேற மாதிரி இருக்கு" என்றார்கள். மற்ற ஆட்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனையைத் தொட்டேன்.

நான் பயந்த பிறவி. என் மனிசன் கச்சான் காற்று அடிக்கும் நாளிலும் தலைமன்னார்க் கடலில் வள்ளம் விட்டவர். அவரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அந்தத் துணிவில் ஒரு துளி எனக்கு ஒட்டவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மின்னல் பயம், அரசாங்கக் கந்தோர் பயம், கந்தோரில் கதிரையில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் பயம். ஆனால் ஊசிக்குப் பயந்த பயத்துக்கு முன்னால் இதெல்லாம் விளையாட்டு.

சீனி வருத்தம் எனக்கு நெடுங்காலமாய் உண்டு. கிளினிக்கில் தரும் மருந்துக் குளிசையைப் போட்டுக்கொண்டு, சோற்றையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டு, என்பாட்டில் இருந்தேன். ஒருநாள் அங்கே இருக்கும் டொக்டர் பிள்ளை என் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"அம்மா, சீனியும் கூட, நிறையும் கூட. அடுத்த கிளினிக்கிலயும் இப்பிடியே நிண்டால் ஊசிதான் தொடங்கவேணும்."

ஊசி என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு தரம் குத்திவிட்டு விடுகிற ஊசி இல்லை. வீட்டில் இருந்து நாளும் நாளும் எங்கள் வயிற்றில் நாங்களே குத்துகிற ஊசி. என் அக்காவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஊசி வந்தது, பிறகு கால்விரல் போனது, பிறகு கால் போனது, பிறகு அக்காவே போனா. அவ போன பிறகு வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே இரண்டு செருப்பு இருந்தது. ஒன்று தேய்ந்தது, மற்றது புதிது போல. அன்றைக்கே என் மனதில் எழுதி வைத்துவிட்டேன்: ஊசி வந்தால் ஆள் முடிந்தது.

"வேற ஏதும் கேக்க இருக்கோ அம்மா?" என்றா டொக்டர் பிள்ளை.

நான் சிரித்தேன். (பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பலபேர் இதைச் சுகம் என்று நினைத்துவிடுகிறார்கள்.)

வீட்டுக்கு வந்து கனடாவில் இருக்கும் என் பெறாமகள் ஸ்ரெல்லாவிடம் சொன்னேன். செத்துப்போன அக்காவின் மகள். போனில் முகம் தெரியக் கதைத்தாள்.

"சின்னம்மா, மாச்சத்தை விடுங்கோ. சோறு, பாண், பிட்டு, இடியப்பம், சீனி, ஒண்டும் வாயில வைக்காதேங்கோ. மீன், முட்டை, இறைச்சி, கீரை திண்ணுங்கோ. நான் எவ்வளவு மெலிஞ்சிட்டன், பாருங்கோ!"

பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினாள். போனில் பிள்ளையைக் காணவில்லை, பின்னால் இருந்த அலுமாரிதான் தெரிந்தது.

"ஒரு வாய்தானே எண்டு தொடக்கூடாது சின்னம்மா. ஒரு வாய் திண்டால் எல்லாம் பழையபடிதான்" என்றவள், திடீரென்று அழத் தொடங்கிவிட்டாள். "அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக்கூடாது."

அவள் அழுத பிறகு சோறு எங்கே இறங்கும்? குளிசையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குச் சீனி வருத்தம் இல்லை. எனக்கு அந்த யோசனையே இல்லை.

மறுநாள் மத்தியானம் மீன்குழம்பு, பொரித்த மீன், முருங்கையிலை வறை. என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மட்டும் இல்லை. மனிசன் என் கோப்பையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இஞ்சேர், சோறு எங்க?"

"உங்களுக்குப் பானையில இருக்கு. நான் விட்டிட்டன்."

"கறியை மட்டும் திண்டால் அது சாப்பாடே? வலையில்லாமல் கடலுக்குப் போன மாதிரியெல்லோ கிடக்கு."

உள்ளதைச் சொல்லவேண்டும், நல்லதும் நடந்தது. சில கிழமைக்குள் சட்டை தொளதொளத்தது. மீனும் முட்டையும் திண்டால் கனநேரம் பசியே இல்லை. முழங்கால் நோவு இறங்கியது. முன்பெல்லாம் கதிரையிலிருந்து எழும்ப மூன்று நான்கு புனிதர்களைக் கூப்பிடவேண்டும். இப்போது அந்தோனியார் ஒருவரே போதுமாய் இருந்தது.

கெட்டதும் நடந்தது. வயிறு அடைத்துக்கொண்டது. தலை இடித்தது. வாய் மணத்தது (மனிசன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு "காத்து நல்லா வருது" என்றார்). ஒருவரையும் நிமிர்ந்து பாராத நான் ஒரு கோழியை நிற்கவைத்து ஏசினேன். எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். வெங்காயம் வதங்கினால் இனிக்கிறதே, அதற்குள் மாச்சத்து இருக்குமோ? பூசணிக்காய்? தேங்காய்ப்பால்? கறியை வாயில் வைத்துவிட்டு விழுங்கவும் பயம், துப்பவும் பயம்.

இந்தப் பயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பூசைக்கும் வந்தது.

சிறுமியாய் இருந்தபோது கன்னியர் மடத்தில் சிஸ்டர்மார் நற்கருணை அப்பம் சுடுவதற்கு நான் கூடமாட நின்றிருக்கிறேன். கோதுமை மாவும் தண்ணீரும்தான். வட்டம் வட்டமாய் வெட்டிய பிறகு மிஞ்சும் விளிம்புகளை எங்களுக்குத் தின்னத் தருவார்கள். அதனால் எனக்கு நிச்சயமாய்த் தெரியும், அது மா. பூசை வைக்கிற சுவாமி பீடத்தில் எழுந்தேற்றம் செய்த பிறகு அது மா இல்லை, ஆண்டவர் என்பதும் தெரியும். ஆனால் என் இரத்தத்தில் ஓடுகிற சீனிக்கு அது தெரியுமா?

நன்மை (எங்கள் ஊரில் நற்கருணைக்கு அதுதான் பேர்) வாங்கும் நேரம் வந்தது. வரிசை முழுக்க எழும்பியது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வயதுபோன பெண் நன்மை வாங்காமல் இருந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான்: சாவான பாவம் செய்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிலோமினா எப்போதும் என் அருகில் இருப்பவள். குனிந்து கேட்டாள்.

"அக்கா, எழும்புங்கோவன்."

"நீங்கள் போங்கோ."

"சுகமில்லையோ?"

"சுகம்தான்."

(சுகமில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.) பிலோமினா என் முழங்காலைத் தாண்டிப் போனாள். போகும்போது அவள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் இருந்தேன். அன்று பின்வரிசையே எழும்பி நின்று பார்த்தது. மனிசன் கடற்கரையால் வந்து சைக்கிளைச் சாத்த முதலே கேட்டார்.

"இஞ்சேர், மீன் வாடியில கேக்கிறாங்கள், உன்ர மனிசி அப்பிடி என்னதான் செய்தவ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்குத் தெரியாது, எனக்கும் அவ சொல்லயில்லை எண்டன்."

அட பாவி மனிசா! அதோடு ஊர் தானே முடிவெடுத்துக்கொண்டது. நான் யாருக்கோ சூனியம் செய்வித்தேன் என்றார்கள். வேறு சபைக்கு மாறப்போகிறேன் என்றார்கள். சிலர் திடீரென்று என்னோடு அன்பாய்க் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பயமாய் இருந்தது.

கடைசியில் சுவாமியே வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளை உடுப்பு வாசல் படலையில் தெரிந்ததும் ஓடி அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஆள் இருக்கிறாவோ?" என்று சுவாமி கேட்பது கேட்டது.

"ஓம் சுவாமி, அலுமாரிக்குப் பின்னால இருக்கிறா" என்றார் மனிசன்.

வெளியே வந்தேன். சுவாமி இளம்பிள்ளை, மெதுவாய்க் கதைப்பவர். "அம்மா, ஏதும் மனக்கஷ்டமோ? யாரோடையும் கோவமோ?"

"இல்லை சுவாமி. அது மா."

"எது?"

"நன்மை."

ஊசி, அக்காவின் கால், ஸ்ரெல்லா, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினேன். சுவாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"அம்மா, ஆண்டவரை வாங்கி ஒருத்தர் கொழுத்ததாய் நான் இன்னும் கேள்விப்படயில்லை. பயப்படாமல் வாங்கோ. அதுசரி, சோறு விட்டதை டொக்டருக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டேன். பயத்தில் வந்த ஓம். சுவாமி படலை தாண்டிப் போன பிறகுதான் விளங்கியது: இதுவரை இல்லாத பாவம் இப்போது வந்துவிட்டது. சுவாமிக்கே பொய்!

ஞாயிறு விடிய எழும்பினேன். பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, ஊர் வாயையும் அடைத்துவிடுவது என்று முடிவு. இப்போது நன்மைக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் சாப்பாட்டை நிறுத்தினால் போதும். நான் பழைய ஆள், நன்மைக்கு முன் பச்சைத் தண்ணீருக்கு மேல் ஒன்றும் தொடமாட்டேன். முதல்நாள் பின்னேரம் இரண்டு முட்டை திண்டதோடு சரி. ஆனால் டொக்டர் தந்த குளிசையை மட்டும் ஒழுங்காய் விழுங்கிவிட்டுப் போனேன். குளிசை விடவும் பயம்தானே.

பாவசங்கீர்த்தன வரிசை நீண்டு கிடந்தது. நிற்க நிற்கக் கை நடுங்கியது. மற்றவர்களுக்கு நடுக்கம் வந்தால் ஏதோ வருத்தம் என்று யோசிப்பார்கள். எனக்கு வாழ்நாள் முழுக்க நடுக்கம்தானே! பொய் சொன்ன பயம் என்று நினைத்தேன். வியர்த்தது, அதுவும் பயம் என்றே நினைத்தேன். நெஞ்சு படபடத்தது, எனக்கு அது தினமும் உள்ளதுதான். என் பொய்யைச் சொல்லி மன்னிப்பும் வாங்கி, பூசையில் முக்கால்வாசியும் பார்த்துவிட்டேன்.

நன்மைக்கு எழும்பினேன். கோவிலே திரும்பியது போல இருந்தது. பிலோமினா என் பின்னால் வந்தாள். சுவாமி அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன். சுவாமி இரண்டாய்த் தெரிந்தார். பிறகு பீடம் சரிந்தது. உண்மையில் சரிந்தது நான்தான்.

ஊர் கண்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிழமைக்கணக்காய் நன்மைக்கு எழும்பாத ஒருத்தி, ஒருநாள் எழும்பிப் போகிறாள், நற்கருணையைக் கண்டதும் விழுகிறாள்! "மாதாவே!" என்று ஒரு குரல். யாரோ தீர்த்தத்தை அள்ளி என் முகத்தில் அடித்தார்கள். பிலோமினாதான் கத்தினாள்:

"விலகுங்கோ! சீனி இறங்கிப்போச்சு. என்ர மாமிக்கும் இப்பிடித்தான் வாறது."

சுவாமியின் அறைவீட்டுக்கு ஓடிச் சீனித்தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அரைகுறை நினைவு. சீனி என்ற சொல் காதில் விழுந்ததும் பல்லை இறுக்கிக்கொண்டேன். "வேண்டாம். ஊசி போடுவினம்" என்று சொன்னேனாம்.

ஆண்கள் பக்கத்திலிருந்து மனிசன் வந்து முழந்தாளில் இருந்தார். கோப்பையைப் பிடித்த அவருடைய கை நடுங்கியது. புயலுக்குள் வள்ளத்தைத் திருப்பிய கை. அது நடுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"இஞ்சேர், வாயைத் திற. உன்ர அக்காவைப் போல நீயும் போகப்போறியோ? நான் தனிய என்ன செய்யிறது? திறவப்பா."

எனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாய்க் கையில் ஊசி ஏற்றினார்கள். "என்ன மருந்து பிள்ளை?" என்று தாதி மிஸியிடம் கேட்டேன். "சீனித்தண்ணிதான் அம்மா" என்றா. எந்த ஊசிக்குப் பயந்து எந்தச் சீனியை விட்டேனோ, இரண்டும் ஒன்றாய் உள்ளே போனது. ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிவதற்குள் குத்தியும் முடிந்திருந்தது.

அந்த டொக்டர் பிள்ளை வந்து கட்டிலில் என் பக்கத்தில் இருந்தா.

"சோத்தைக் குறைச்சது பிழையில்லை அம்மா. நிறையும் குறைஞ்சிருக்கு. ஆனால் அந்தக் குளிசை, நீங்கள் முந்தித் திண்ட சோத்துக்கு அளவாய்த் தந்தது. சோத்தை நிப்பாட்டிப்போட்டுக் குளிசையை மட்டும் போட்டால், அது இருக்கிற சீனியையும் இழுத்துப் போட்டிடும். முதலே சொல்லியிருந்தால் குளிசையைக் குறைச்சுத் தந்திருப்பம். பெறாமகளுக்குச் சரிவந்தது எல்லாருக்கும் சரிவராது."

அக்காவின் காலைப் பற்றி அன்றுதான் வாய் திறந்து கேட்டேன். "ஊசி காலை எடுக்கிறதில்லை அம்மா" என்றா. "கூடின சீனிதான் எடுக்கிறது. கன பேர் பயத்தில பிந்தித்தான் ஊசிக்கு வருகினம்." அக்காவும் நெடுநாள் பயந்து ஒளித்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நல்லாய் அழுதேன்.

இப்போது குளிசை குறைவு. சிவப்பரிசிச் சோறு ஒரு சின்ன அகப்பை, மிச்ச இடத்துக்குக் கீரையும் மீனும். ஊசி இன்னும் வரவில்லை. வந்தால் குத்தத்தான் வேண்டும். பயம் இருக்கும், அதற்கென்ன.

மற்றதை ஊர் பார்த்துக்கொள்கிறது. நான் சோற்றுப்பானைப் பக்கம் இரண்டாம் தரம் போனால் மனிசன், "சுவாமியைக் கூப்பிடட்டோ?" என்பார். நன்மை நேரம் வந்தால் பிலோமினா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொள்வாள், மற்றக் கையில் சீனி இறங்கினால் தர ஒரு இனிப்பு ரொபி. போன மாதம் ஊருக்குப் புதிதாய்க் கலியாணம் முடித்து வந்த பிள்ளை ஒன்று என்னைக் கண்டு இரக்கமாய்க் கேட்டது: "அம்மா, நீங்கள் நற்கருணையைக் கண்டு விழுந்தனீங்களாம். அந்தப் பாவம் மன்னிக்கப்பட்டிட்டுதோ?"

விளக்கிச் சொல்லக் கூச்சமாய் இருந்தது. "ஓம் பிள்ளை" என்றேன்.

நான் விழுந்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பிலோமினாவிடம் கேட்டுத் திருத்துங்கள். என் மனிசனிடம் கேட்கவேண்டாம், அவர் சொன்னால் கோவில் கூரையும் சேர்ந்து விழும். டொக்டர் பிள்ளை சொன்ன குளிசைக் கதையை மட்டும் படித்த ஒருவர் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சில் போடுங்கள். என் எழுத்தை நம்பி ஒருவரும் விழக்கூடாது. அதுவும் பூசை நேரத்தில்.