மின்மினியைக் காணவில்லை

"மின்மினின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. எந்தப் புண்ணியவான் வச்ச பேரு இது?"

மேலாளர் அம்மாள் கூட்டத்தில் இப்படிக் கேட்டதும், கடுகு பேனாவைத் தேடுகிற பாவனையில் மேசைக்கடியில் குனிந்துகொண்டான்.

அவன்தான் அந்தப் புண்ணியவான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அதனால் ஆபீஸில் அவன் பெயர் கடுகு. தெருவிளக்குகளை இயக்கும் மென்பொருள் எழுதுவது அவர்கள் தொழில். அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றுகிற அந்த ஃபங்ஷனை, அதாவது நிரல் துண்டை, அவன் எழுதியபோது கல்யாணம் ஆகவில்லை. ஜன்னலில் மழை, மனசில் பக்கத்து வகுப்பில் படித்த ஒருத்தி. பெயர் தானாக விரலுக்கு வந்துவிட்டது.

"இனிமே பேரைப் பாத்தாலே அது என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும். சாயந்தரத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்துங்க."

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தான். அவன் மனைவிக்கு அதே மாடியில் சோதனைப் பிரிவில் வேலை. "உனக்கு முன்னால என் மனசுல யாருமே இல்ல" என்று மாறி மாறிச் சத்தியம் செய்துகொண்ட தம்பதி அவர்கள்.

மின்மினியை அழித்து 'விளக்கேற்று' என்று எழுதினான். லேசாக வலித்தது. எதிர்க் கட்டடத்தின் மேல் ஒரு மேகம் அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அவள் இப்போது எந்த ஊரில், எந்த ஜன்னலோரம் இருப்பாளோ?

மேகம் கட்டடத்தைத் தாண்டுவதற்குள் சோதனைப் பிரிவில் கூச்சல். அங்கே சுவரில் மாட்டிய மாதிரித் தெருவில் குட்டி விளக்குகள் அத்தனையும் அணைந்திருந்தன. நிரலில் அதைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடும் மற்ற இடங்களை அவன் மாற்றவே இல்லை. பெரிய திரையில் சிவப்பாக ஓடியது: 'மின்மினியைக் காணவில்லை. மின்மினியைக் காணவில்லை.'

"யாருப்பா அது, இத்தனை பேர் தேடறாங்க?" என்றான் ஒருவன்.

அடித்துப் பிடித்து எல்லா இடத்திலும் பெயரை மாற்றினான். விளக்குகள் எரிந்தன. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எதை மாற்றினாலும் அழித்த வரிகளும் சேர்த்த வரிகளும் மெயிலில் சோதனைப் பிரிவுக்குப் போய்விடும் என்பது அங்கே வழக்கம். அன்று மழையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி மறந்த குறிப்பும் அவற்றோடு போயிருந்தது: 'என் மின்மினி, நீ வந்தால்தான் எனக்கு வெளிச்சம்.' கீழே அவன் பெயர்.

பதறிப்போய் மாற்றத்தை ரத்து செய்தான். ரத்தான செய்தியும் அதே வரியைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

மனைவியின் இடத்துக்கு ஓடினான். நாற்காலி காலி. அவள் திரையில் இரண்டு மெயிலும் திறக்கப்படாமல் கிடந்தன. போன உயிர் பாதி திரும்பி வந்தது. அங்கிருந்து நேரே மேலாளர் அறைக்குப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கால் தொங்கியது.

"மேடம், அந்த ரெண்டு மெயிலையும் அவ பாக்கறதுக்குள்ள எடுத்துடுங்க. நான் குடும்பம் நடத்தணும் மேடம்!"

மேலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பத்தான் உங்க வீட்டம்மா இதே நாற்காலியில உக்காந்து அழுதுட்டுப் போறாங்க."

"ஐயோ, பாத்துட்டாளா?"

"அவங்க எதையும் பாக்கல. சோதனைக்குன்னு அவங்க எழுதினதுல 'நெட்டையன்'னு ஒரு ஃபங்ஷன் இருக்காம். உங்க கண்ணுல படறதுக்குள்ள அதை மாத்தணுமாம்."