நான் வாங்கிய இரண்டு ஓட்டு

ஊருக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுக்கக் கிளம்புகிறவன், முதலில் தன் தெருவில் தனக்கு எத்தனை ஓட்டு விழும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் விசாரிக்கவில்லை.

2006-க்கு முன் இரண்டு தடவை மதுரை மேயரை நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தோம். அந்த வருடம் சட்டம் மாறியது. இனி கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. (நான் வேலை பார்க்கும் கப்பலூர் கம்பெனியில் கொதிக்க அனுமதி இல்லாததால், வீட்டுக்கு வந்து கொதிப்பேன்.) 'மேயரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று மனு எழுதி, தெரு நலச்சங்கத் தலைவர் என்ற தோரணையோடு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனேன்.

நான்காவது வீடு, சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் இந்திராணி அக்கா வீடு. மனுவை இரண்டு தடவை படித்தார்.

"நல்ல விஷயந்தேன் தம்பி. ஒங்களைத் தலைவரா யாரு தேர்ந்தெடுத்தது?"

"கமிட்டில அஞ்சு பேரு கூடி..."

"அப்ப நாங்க யாரும் ஓட்டுப் போடலையே?"

அந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். "போட்ருவோம்க்கா! வர்ற ஞாயித்துக்கெழமையே!" என்று சொல்லிவிட்டேன்.

"கையெழுத்து வாங்கத்தான போனீக? பதவியக் குடுத்துட்டு வந்து நிக்கிறீக?" என்றாள் மனைவி செல்வி.

"கொள்கைன்னா கொள்கைதான்."

தண்ணி லாரியை மறித்து நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் என்று தெருவே சேர்ந்து இந்திராணி அக்காவை எனக்கு எதிராக நிறுத்தியது. நான் அசரவில்லை. முறுக்கு டின்னில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டி செய்தேன். "ரகசிய வாக்கெடுப்பு! புருசன் பொண்டாட்டிகூடச் சொல்லிக்கிறக் கூடாது!" என்று தெருமுனையில் நின்று கத்தினேன். விரலில் வைக்க மை இல்லை. அக்காவிடமே ஒரு கிண்ணம் நீலச் சாயம் வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் என் கையாலேயே வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் என் வலது கை மணிக்கட்டு வரை நீலம்.

அக்காவுக்கு அறுபத்தொன்று. எனக்கு இரண்டு. (என்னைத் தேர்ந்தெடுத்த கமிட்டியிலேயே ஐந்து பேர் இருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.)

ஆனாலும் அன்று சாயங்காலமே, அந்த நீலக் கையோடு மனுவை எடுத்துக்கொண்டு மறுபடி இந்திராணி அக்கா வீட்டுப் படியேறினேன். அக்கா ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு, கீழே 'தலைவர்' என்று எழுதினார். "வாங்க தம்பி, போவோம்" என்று செருப்பை மாட்டினார். ஒரு வாரத்தில் நான் வாங்கியது மூன்று கையெழுத்து. அவர் ஒரு மணி நேரத்தில் மொத்தத் தெருவையும் முடித்தார்.

மனு போன இடம் தெரியவில்லை. சில வருடம் கழித்து மேயரை மறுபடி மக்களே தேர்ந்தெடுத்தபோது, எங்கள் மனுவால்தான் என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் நான் எதற்காவது குரல் உயர்த்தினால் "ரெண்டு ஓட்டு பேசுது" என்பாள் மகள். அதில் ஒன்று நான் போட்டது. இன்னொன்று தன்னுடையது என்று இதுவரை பதினாலு பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள். இந்திராணி அக்காவும் அதில் ஒருவர். செல்வி மட்டும் வாயே திறப்பதில்லை. கேட்டால், "ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதான கத்துனீக?" என்கிறாள்.